காலேஜுக்குப் போனால் வேலை கிடைக்குமா? – வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வின் முடிவுகள் ஆகஸ்டு இறுதியில் வெளியானதிலிருந்து இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. பள்ளியின் சிக்ஸ்த் ஃபார்ம் என்ற மேல்நிலை வகுப்புகளில் தொடராமல், இங்கே எல்லோரும் ‘காலேஜ்’ என்று சொல்லும் தொடர்கல்விக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையை அந்தக் கல்லூரி வேலைக்கு எந்த அளவுக்குத் தயார் செய்கிறது என்பதே அந்தப் பொருள். ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். லண்டனில் மின்னியல் பிரிவில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்பதால் என் உதாரணங்கள் அந்தப் பக்கமாகவே சாயும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பதில்கள் இங்கிலாந்துக்கு மட்டுமே உரியவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய இடங்களில் ஏற்பாடுகள் வேறு.

என் மகனுக்கு ஆங்கிலத்தில் 5, கணிதத்தில் 4, மற்றவற்றில் 4, 3 என்று வந்திருக்கிறது (9 உச்சம், 4 தேர்ச்சி). பல்கலைக்கழகத்துக்கு வழிசெய்யும் ஏ லெவலுக்கு இடமில்லை என்று பள்ளி சொல்லிவிட்டது. மின்வேலை படிக்கக் காலேஜுக்குப் போகிறேன் என்கிறான். படிப்பு ஏறாத பிள்ளைகள்தானே அங்கே போவார்கள் என்று உறவினர்கள் பேசுகிறார்கள், ஐயா. அது உண்மையா? (ஹாரோவிலிருந்து ஒரு தாய்)

உண்மை இல்லை, அம்மா. ஆனால் அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாலும் சென்னையிலிருந்து வந்தாலும் நம்மவர்களுக்குப் படிப்பு என்றால் புத்தகம், பரீட்சை, பல்கலைக்கழகம் என்ற ஒரே வரிசைதான். கையில் திருப்புளி பிடித்துப் படிப்பது அந்த வரிசையில் நின்றுபோனவர்களுக்கு உரியது என்று நாமே முடிவு செய்துவைத்திருக்கிறோம். இந்நாட்டில் அந்த மரபின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. பகலில் வேலை செய்த தொழிலாளர்கள் மாலையில் அறிவியல் கற்பதற்காக 1823இல் லண்டனில் தொடங்கப்பட்ட மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட்தான் பின்னாளில் பர்க்பெக் என்ற பெயரில் லண்டன் பல்கலைக்கழகத்தின் உறுப்பாக வளர்ந்தது. தொழிற்கல்விக்குத் தேர்வும் சான்றிதழும் வழங்கும் சிட்டி அண்ட் கில்ட்ஸ் 1878இல் தோன்றியது. தொடர்கல்விக் கல்லூரிகள் உள்ளாட்சியின் பிடியிலிருந்து 1993இல் பிரிந்து தனித்து இயங்கத் தொடங்கின. 2015 முதல் இங்கிலாந்தில் 18 வயது நிறையும்வரை ஏதேனும் ஒரு கல்வியிலோ பயிற்சியிலோ இருப்பது கட்டாயம் என்பதால், பதினாறு வயதில் ஒரு பிள்ளை காலேஜுக்குப் போவது விலக்கு அல்ல, வழக்கமான பாதைகளில் ஒன்று.

அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டீர்களானால், ஒரு வகுப்பைக் காட்டுகிறேன். உங்கள் மகன் பெரும்பாலும் ஜிசிஎஸ்இக்கு இணையான படிநிலையான லெவல் 2 மின்னியல் டிப்ளோமாவில் தொடங்குவான். பணிமனையில் பலகைகளால் தடுக்கப்பட்ட சிறு சிறு கூண்டுகள் வரிசையாக இருக்கும்; ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் அறையைப் போல. முதல் பருவத்தில் அவன் கற்பது கம்பி இழுப்பதை அல்ல, மின்சாரம் இல்லை என்று நிரூபிப்பதை. வேலை செய்ய வேண்டிய சுற்றுக்குரிய பிரேக்கரை அடையாளம் கண்டு அணைக்க வேண்டும். அதன் மேல் சிறு பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட வேண்டும். அடுத்து, கையிலுள்ள வோல்டேஜ் டெஸ்டர் சரியாக இயங்குகிறதா என்று மின்சாரம் இருப்பது உறுதியான ஒரு கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, லைனுக்கும் எர்த்துக்கும் இடையே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே என்று மூன்று முறை சோதிக்க வேண்டும். அதன்பின் மீண்டும் டெஸ்டரை அதே கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பிள்ளைகள் எப்போதும் விட்டுவிடுவார்கள். இடையில் டெஸ்டரே செயலிழந்திருந்தால் அது காட்டிய ‘இல்லை’ பொய்யாகிவிடும் என்பதைச் சொல்லிச் சொல்லி, தவறவிட்டவனை முதலிலிருந்து தொடங்கச் செய்வேன். ஐந்தாவது முறை திரும்பச் செய்யும்போது முணுமுணுப்பார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் ஒருவரும் தவறவிட மாட்டார்கள். வேலைக்குத் தயார் செய்வது என்று நான் சொல்வது இதைத்தான். சிவி எழுதுவதற்கும் மாதிரி நேர்காணலுக்கும் கல்லூரிகளில் வகுப்புகள் உண்டு, அவையும் தேவைதான். ஆனால் அவற்றை ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம், இதற்கு ஒரு பருவம் முழுவதும் வேண்டும்.

நான் தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் முடித்து, லேட்டரல் என்ட்ரி மூலம் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்தவன். என் மகளுக்குக் கணினித் துறையில் பீடெக், டி லெவல் என்று இரண்டு வாய்ப்புகளைக் கல்லூரி தருகிறது. எது நல்லது? பல்கலைக்கழகம் ஏற்குமா? டி லெவலுக்குரிய பணியிடப் பயிற்சியை என் மைத்துனரின் கடையில் செய்யலாமா? (ஸ்லவ்விலிருந்து ஒரு தந்தை)

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இங்குள்ள பீடெக் பதினாறு வயதுக்குப் பிந்தைய ஒரு தொழில்சார் தகுதி, நம்மூர் பி.டெக். பட்டம் அல்ல. காதில் இரண்டும் ஒன்றாகவே விழுவதால், மகன் பீடெக் படிக்கிறான் என்று ஊருக்குத் தொலைபேசியில் சொன்ன ஒரு நண்பருக்கு, அதற்குள் பொறியாளர் ஆகிவிட்டானா என்று வாழ்த்துகள் குவிந்த கதையை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அவர் திருத்தவில்லை என்பது வேறு விஷயம்.

பீடெக் லெவல் 3 என்பது ஏ லெவலுக்கு இணையான படிநிலை. அளவைப் பொறுத்து ஒரு ஏ லெவலுக்கோ மூன்று ஏ லெவலுக்கோ சமமாக அதை எடுத்துக்கொள்ளலாம். ஏ லெவலோடு கலந்தும் படிக்கலாம். மதிப்பெண்ணில் பெரும்பங்கு ஆண்டு முழுவதும் செய்யும் பணிகளிலிருந்து வரும். டி லெவல் 2020 செப்டம்பரில் தொடங்கிய புதிய படிப்பு. கட்டுமான வடிவமைப்பு, டிஜிட்டல் உருவாக்கம், கல்வியும் குழந்தைப் பராமரிப்பும் என்ற மூன்று துறைகளோடு தொடங்கிப் பிறகு விரிந்தது. இரண்டு ஆண்டுகளையும் முழுதாக எடுத்துக்கொள்ளும், மூன்று ஏ லெவலுக்குச் சமம். இதில் எழுத்துத் தேர்வு உண்டு. தொழில் நிறுவனங்களோடு சேர்ந்து வகுத்த ஒரு சிக்கலைக் குறித்த நேரத்துக்குள் தீர்த்துக் காட்டும் செயல்திட்டம் உண்டு. இவற்றுக்கு மேல் குறைந்தது 315 மணி நேரம், அதாவது ஏறக்குறைய 45 நாள், ஒரு வேலையிடத்தில் பணியாற்ற வேண்டும். குழந்தைப் பராமரிப்பில் அது 750 மணி நேரம்.

உங்கள் மகளுக்குத் துறை எது என்று ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்திருந்தால் டி லெவலையே நான் சொல்வேன், அந்த 45 நாளுக்காக மட்டுமே. தெரியாவிட்டால், பதினாறு வயதில் ஒரே துறைக்குள் அடைபடாமல் ஒரு சிறிய பீடெக்கையும் இரண்டு ஏ லெவலையும் சேர்த்து எடுப்பது மேல். பல்கலைக்கழகங்கள் பல இரண்டையும் ஏற்கின்றன. ஆனால் கணினி அறிவியலுக்குச் சில இடங்கள் ஏ லெவல் கணிதத்தைத் தனியே கேட்கும் என்பதால், அவள் விரும்பும் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் பக்கத்தைக் கல்லூரியில் சேருவதற்கு முன்பே படித்துவிடுங்கள். உங்களுக்குக் கிடைத்த லேட்டரல் என்ட்ரிக்கு ஓரளவு ஒப்பானது இங்கே பட்டத்துக்கு ஒரு படி கீழேயுள்ள லெவல் 5 எச்.என்.டி. என்ற தொழில்சார் டிப்ளோமாவை முடித்துப் பட்டத்தின் கடைசி ஆண்டில் சேரும் ‘டாப் அப்’ வழி. பல தொடர்கல்விக் கல்லூரிகளிலேயே எச்.என்.டி. நடக்கிறது. பீடெக் போன்ற படிப்புகளின் இடத்தில் ‘வி லெவல்’ என்ற புதிய தகுதியைக் கொண்டுவரப்போவதாக 2025 அக்டோபரில் அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டிருப்பதால், இளைய பிள்ளைகள் உள்ளவர்கள் பெயர்ப்பலகை மாறுவதை எதிர்பார்த்திருக்கலாம்.

மைத்துனரின் கடை விஷயம்: பயிற்சி, படிக்கும் துறையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்பதே விதி. பெட்ரோல் நிலையக் கல்லாவில் நிற்பது டிஜிட்டல் டி லெவலுக்குக் கணக்கில் வராது. உங்கள் மைத்துனர் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறார் என்றால் கல்லூரியின் பணியிடப் பயிற்சி அலுவலரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அப்போதும்கூட, மாமாவின் அலுவலகத்தில் தாமதமாக வந்தால் திட்டு விழாது என்பதை அவளும் அறிவாள், அதனால் வேற்று மனிதர் நடத்தும் இடமே எனக்குப் பிடிக்கும்.

என் மகள் லெவல் 2, லெவல் 3 மின்னியல் டிப்ளோமா இரண்டையும் நல்ல முறையில் முடித்துவிட்டாள். இரண்டு ஆண்டுகள் போயின. இப்போது விண்ணப்பிக்கும் இடமெல்லாம் தகுதிபெற்ற எலக்ட்ரீஷியனுக்குரிய கோல்டு கார்டு இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். கல்லூரி எங்களை ஏமாற்றிவிட்டதா? (ஈஸ்ட் ஹாமிலிருந்து, பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்)

இந்த வாரக் கடிதங்களில் என்னை உறுத்திய கடிதம் இதுதான். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியின் விளம்பரக் கையேட்டில், இந்தப் படிப்பை முடித்தால் எலக்ட்ரீஷியன் ஆகலாம் என்ற ஒரு வரி பல ஆண்டுகள் இருந்தது. ‘ஆகலாம்’ என்ற சொல்லுக்குள் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒளிந்திருப்பதை வகுப்பில் சொன்னேனே தவிர, அந்த வரியை எடுக்கச் சொல்லி ஒரு முறைகூட எழுதிக் கேட்கவில்லை. அது என் குறை.

வகுப்பறை டிப்ளோமா உங்கள் மகளுக்கு அறிவு இருக்கிறது என்பதற்கும், பணிமனைக் கூண்டுக்குள் அவளால் வேலை செய்ய முடியும் என்பதற்கும் சான்று. அவள் எலக்ட்ரீஷியன் என்று தொழில்துறை ஒப்புக்கொள்ள மேலும் இரண்டு வேண்டும். ஒன்று, என்.வி.கியூ. லெவல் 3: உண்மையான வேலைத்தளங்களில் அவள் செய்த வேலைகளைப் புகைப்படங்களோடும் குறிப்புகளோடும் தொகுத்து, மதிப்பீட்டாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்துச் சான்றளிக்கும் தகுதி. மற்றொன்று ஏ.எம்.2 என்ற செய்முறைத் தேர்வு. தனியொரு தேர்வு மையத்தில் சில நாட்களுக்கு நீளும் அதில், கம்பியமைத்து, சோதித்து, தேர்வாளர் வேண்டுமென்றே வைத்த பழுதுகளைக் கண்டுபிடிக்க வேண்டும். இவற்றை முடித்தால்தான் இ.சி.எஸ். கோல்டு கார்டு வரும். என்.வி.கியூவுக்குத் தேவையான வேலைத்தளத்தைக் கல்லூரியால் உருவாக்க முடியாது. வேலை இருந்தால்தான் தகுதி, தகுதி இருந்தால்தான் வேலை என்ற இந்த வட்டத்தில்தான் உங்கள் மகள் மாட்டிக்கொண்டிருக்கிறாள். இதில் மாட்டும் பிள்ளைகள் பலர், அவர்களில் பெரும்பாலோர் வெளியேயும் வந்துவிடுகிறார்கள்.

நேர்வழி, அப்ரெண்டிஸ் ஆவது. ஒரு நிறுவனம் அவளை வேலைக்கு எடுத்து, ஊதியம் தந்து, பெரும்பாலும் வாரத்தில் ஒரு நாள் கல்லூரிக்கு அனுப்பும். முழுமையாக மூன்றரை முதல் நான்கு ஆண்டுகள் ஆகும் பயிற்சி என்றாலும், முன்பே கற்றதைக் கணக்கில் எடுத்துக் காலத்தைக் குறைக்க வேண்டியது பயிற்சி தருபவரின் கடமை என்பதால், அவளுடைய டிப்ளோமாக்கள் வீணாகாது. அரசின் தொழிற்பயிற்சித் தேடல் தளத்தில் காலியிட அறிவிப்புகள் ஆண்டு முழுவதும் வரும். பெரிய நிறுவனங்கள் செப்டம்பர் சேர்க்கைக்கு வசந்த காலத்திலேயே ஆள் எடுத்து முடித்துவிடும்.

மற்ற வழி, எலக்ட்ரீஷியனுக்கு உதவியாளாகச் சேருவது; ‘மேட்’ என்பார்கள். இந்த வேலைகள் பெரும்பாலும் விளம்பரத்துக்கு வருவதில்லை. இரண்டு பேர், மூன்று பேர் வைத்து வேலை செய்யும் சிறு ஒப்பந்தக்காரர்கள் காலை ஏழு மணிக்கு மின்பொருள் மொத்த விற்பனைக் கடையின் கவுண்டரில் அன்றைய சாமான்களுக்காக நிற்பார்கள். என் மாணவர்களில் மூவர் அந்தக் கவுண்டரில் நின்றே வேலை பிடித்தார்கள். ஒருவனிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, வண்டி ஓட்டுவாயா என்பதுதான். ஓட்டுநர் உரிமம் இல்லையென்றால் உடனே அதற்குப் பணம் கட்டுங்கள். வேலைத்தளத்தின் நுழைவாயிலைத் தாண்டுவதற்குரிய பாதுகாப்புத் தேர்வை எழுதி, பயிற்சியாளருக்குரிய அட்டையையும் பெற்றுக்கொள்ளட்டும். பெண் என்பதால் கவுண்டரில் ஒரு கேலிப் பேச்சு வரலாம் என்று நீங்கள் அஞ்சினால், அந்த அச்சம் ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். முதல் நாள் நீங்களும் கூடப் போய்ச் சற்றுத் தள்ளி நில்லுங்கள், பேசுவது அவளாக இருக்கட்டும்.

சமையல் படிக்கத்தான் காலேஜுக்கு வந்தேன். கணிதத்தில் 3 என்பதால் மறுபடியும் ஜிசிஎஸ்இ கணிதம் எழுத வைக்கிறார்கள். சமையல்காரனுக்கு எதற்கு இது? (க்ராய்டனிலிருந்து 17 வயது மாணவர்)

விதியைச் சொல்லிவிடுகிறேன், தம்பி. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் 4 எடுக்காதவர்கள் 16 முதல் 19 வயதுக்குரிய படிப்பில் அவற்றைத் தொடர்ந்து படித்தாக வேண்டும். 2 அல்லது அதற்கும் குறைவாக எடுத்தவர்களுக்கு ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்ற, அன்றாடப் பயன்பாட்டை ஒட்டிய வேறொரு வழி உண்டு, 3 எடுத்த முழுநேர மாணவருக்கு ஜிசிஎஸ்இயேதான். நவம்பரில் ஒரு வாய்ப்பு, கோடையில் ஒரு வாய்ப்பு.

அந்தத் தாளில் வரும் சில கேள்விகள் அடுப்படிக்கு வருவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைப் பார். தோல் நீக்கிய உருளைக்கிழங்கு 12 கிலோ வேண்டும்; சீவும்போது நூற்றுக்குப் பதினைந்து பங்கு தோலாகப் போகிறது என்று வைத்துக்கொள். எத்தனை கிலோ வாங்குவாய்? பன்னிரண்டோடு பதினைந்து விழுக்காட்டைக் கூட்டி 13.8 என்பாய். உன் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். அதைச் சீவினால் 11.7 கிலோதான் மிஞ்சும். பன்னிரண்டை 0.85ஆல் வகுத்து 14.1 என்று வாங்க வேண்டும். லண்டனில் வின்சென்ட் சதுக்கத்தில் 1910 முதல் சமையல்கலை கற்பிக்கும், முன்பு வெஸ்ட்மின்ஸ்டர் கிங்ஸ்வே என்று அழைக்கப்பட்ட கல்லூரியைப் போல, பல கல்லூரிகளில் மாணவர்களே சமைத்துப் பரிமாறும் உணவகங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. உன் கல்லூரியிலும் இருந்தால், அங்கே வெள்ளிக்கிழமை மதியம் பணம் கொடுத்து வந்து அமர்ந்திருப்பவரிடம் கிழங்கு தீர்ந்துவிட்டது என்று சொல்லப்போவது நீதான்.

மகன் காலேஜில் படித்தால் குழந்தை உதவித்தொகை தொடருமா? அப்ரெண்டிஸாகப் போனால்? (லெஸ்டர் வாசகர்)

வாரத்துக்குச் சராசரியாகப் 12 மணி நேரத்துக்கு மேல் நடக்கும் பீடெக், டி லெவல் போன்ற படிப்புக்குத் தொடரும். 19 வயதுக்கு முன் தொடங்கிய படிப்பு என்றால் 20 வயதுவரைகூட வரலாம். பதினாறு வயதானதும் படிப்பு தொடர்கிறது என்பதை வருமானவரித் துறைக்கு நீங்கள்தான் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பணம் நின்றுவிடும். இங்கிலாந்தில் அப்ரெண்டிஸுக்கு இந்தத் தொகை கிடையாது. குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட்டில் பிள்ளைக்காக வரும் பகுதியும் போகும். மறுபக்கம், அவனுக்குச் சம்பளம் வரும்: 2025 ஏப்ரலில் அதன் சட்டபூர்வமான குறைந்தபட்ச அளவு மணிக்கு 7.55 பவுண்டு. குடும்ப வரவில் நிற்பதையும் அவன் கையில் வருவதையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, வீட்டுச் செலவுக்கு அவன் எவ்வளவு தருவான் என்பதை வேலை தொடங்குமுன் பேசிவிடுங்கள்.

என் மகளுக்குக் கற்றல் குறைபாடு உண்டு, அவளுக்குரிய கல்வி, உடல்நல, பராமரிப்பு உதவிகளை வகுத்து உள்ளாட்சி எழுதித் தந்த இ.எச்.சி. திட்டம் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாகக் கல்லூரியில் ஒரே வகையான ‘வாழ்க்கைத் திறன்’ வகுப்பிலேயே இருக்கிறாள். அடுத்து என்ன? (டூட்டிங்கிலிருந்து ஒரு தாய்)

‘சப்போர்ட்டட் இன்டர்ன்ஷிப்’ இருக்கிறதா என்று கல்லூரியிடமும் உள்ளாட்சியின் சிறப்புக் கல்விப் பிரிவிடமும் எழுத்து மூலம் கேளுங்கள், அம்மா. 16 முதல் 24 வயதுவரை, இ.எச்.சி. திட்டம் உள்ளவர்களுக்கு உரியது அது. படிப்பு நேரத்தின் பெரும்பகுதி மருத்துவமனை, விடுதி, அலுவலகம் போன்ற உண்மையான வேலையிடத்தில் கழியும். ஜாப் கோச் என்ற உதவியாளர் கூடவே இருந்து வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் காட்டி, அவள் பிடித்துக்கொண்டதும் மெல்ல விலகிக்கொள்வார். சம்பளம் இல்லை, முடிவில் ஊதியமுள்ள வேலைக்குப் போவதே நோக்கம். பாத்திரம் கழுவும் மாதிரி அறையில் மூன்று ஆண்டுகள் பழகியதைவிட, மருத்துவமனைச் சலவையகத்தில் மூன்று மாதம் பழகியது ஒரு பிள்ளையை எவ்வளவு மாற்றிவிட்டது என்பதை நான் அடுத்த பிரிவிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆண்டு மறுபரிசீலனைக் கூட்டத்தில் ‘வேலை’ என்ற சொல் திட்டத்துக்குள் எழுதப்படாமல் எழுந்து வராதீர்கள்.

திறந்த நாளன்று கல்லூரியில் என்ன கேட்க வேண்டும்? (பலர்)

கட்டடத்தையும் காபிக் கடையையும் காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று கேள்விகள். பணியிடப் பயிற்சிக்கு இடம் தேடுவது கல்லூரியா, பிள்ளையா? கடந்த ஆண்டு இதே வகுப்பில் எத்தனை பேர் அதை முழுதாக முடித்தார்கள்? இந்தச் சான்றிதழோடு வெளியே வருபவர் அந்தத் தொழிலின் பெயரைச் சொல்லிக்கொள்ள இன்னும் என்னென்ன வேண்டும்? மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் ஆசிரியரை நம்பலாம். முடிந்தால் திறந்த நாளில் மட்டும் போகாமல், அனுமதி பெற்றுச் சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் இரண்டு மணிவாக்கில் போய்ப் பணிமனைக் கதவருகே ஐந்து நிமிடம் நில்லுங்கள். எத்தனை பிள்ளைகளின் கையில் கருவி இருக்கிறது, எத்தனை பிள்ளைகளின் கையில் தொலைபேசி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.